தூண்டியவர் பெயர்

மே மாதம். காவேரிப்பட்டணம் ரோட்டில்
லாரிகள் மாம்பால் சொட்டிக்கொண்டு போகும்.
ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன்,
அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாளுக்கு எட்டும்.

மாங்கூழ் கம்பெனி மேனேஜரின் புகார்:
நூற்று எண்பது பெண்கள்
வேலை நடுவில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.
பதினோரு டன் தோத்தாபுரி
வெட்ட ஆளில்லாமல் வியர்த்துக் கிடக்கிறது.

"எவ தூண்டிவிட்டா? அத மொதல்ல எழுதுய்யா"
என்றுவிட்டு இன்ஸ்பெக்டர் டீக்குப் போனார்.

எதிரில் மாதம்மாள், கணவன் பெயர் திம்மராயன்.
வயது கேட்டால்,
"மாங்கா வெட்ட வந்து ஒம்போது வருசம் சார்."
வெட்டி வெட்டி நகம் கறுத்திருந்தது.
"நான் யாரையும் தூண்டல.
மணி என்னான்னு கேட்டன்."

அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
அந்தக் கூடத்துக் கடிகாரம் எப்போதும் நாலரை.
ஓடாதென்று எல்லாருக்கும் தெரியும்.
இருட்டின பிறகு போகச் சொல்வார்கள், போவார்கள்.
அன்றைக்கு இவள் கேட்டாள்.
சூப்பர்வைசர் சுவரைக் காட்டினான்.
ஒரு கத்தி மேசையில் படுத்த சத்தம்.
அப்புறம் எண்ண முடியவில்லையாம்.

தூண்டினாள் என்றெழுதக் கை வரவில்லை.
வேறு சொல்லுக்கா பஞ்சம்?
ஏத்திவிட்டாள்: சாராயக் கேசில் எழுதி எழுதித் தேய்ந்தது.
உசுப்பிவிட்டாள்: அது நாய்க்கு.
கிளப்பிவிட்டாள் என்றால் புரளி, இல்லாவிட்டால் ஐந்து மணி பஸ்.
கொளுத்திப்போட்டாள் என்பது கல்யாண வீட்டுச் சொல்.
தூபம் போட்டாள் என்றால்
எனக்குச் சாம்பிராணி மணக்கிறது.
முடுக்கிவிட்டாள்? சேச்சே,
பணிகளை முடுக்கிவிடுவது அதிகாரிகள், அதுவும் பேப்பரில்.
என் மகள் புத்தகத்தில் வினையூக்கி என்று ஒன்று உண்டு.
மற்றதையெல்லாம் மாற்றிவிட்டுத்
தான் மாறாமல் மிஞ்சுமாம்.
மாதம்மாளின் விரல்களைப் பார்த்தேன்.
அதுவும் பொருந்தவில்லை.

போன மாதம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில்
தலைமையாசிரியருக்கு மாலை போட்டு
"எங்கள் தூண்டுகோலே" என்று வாசித்தவன் நான்.
அதே தூண்டு.
கோல் சேர்ந்தால் மாலை,
தல் சேர்ந்தால் வழக்கு.
கோலாவது என்ன பெரிதாகச் செய்யும்?
அகலில் திரியை ஒரு நெல்லளவு மேலே தள்ளும்.
எண்ணெய் வேறு யாரோ ஊற்றியது.
தீ முன்னாலேயே இருந்தது.

மேனேஜர் இருப்புக்கொள்ளாமல் எழுந்தார்.
"இதுங்களுக்கு இவ்ளோ வெவரம் ஏது?
வெளியாள் எவனோ கார்பைடு கல்லு வெச்ச மாதிரி
ஒரே ராத்திரில பழுக்க வெச்சிருக்கான்."

அதுவரை தரையைப் பார்த்திருந்தவள் நிமிர்ந்தாள்.
"கல்லு வெச்சா தோலுதான் சார் மஞ்சளாவும்,
கொட்டகிட்ட வெள்ளையா புளிக்கும்.
எங்கள அறுத்துப் பாருங்க."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கொஞ்ச நேரம்.

நான் எழுதினேன்:
மேற்படி மாதம்மாள் மணி கேட்டதன் பேரில்
மற்றவர்கள் வேலையை நிறுத்தியதாகத் தெரியவருகிறது.

கையெழுத்துத் தெரியாது என்றாள்.
கட்டைவிரலில் மை தடவி உருட்டினேன்.
மறுபடி உருட்டினேன்.
கோடு ஒன்றுகூட விழவில்லை, வெறும் நீலத் திட்டு.
புளிப்பு ஒன்பது வருடமாய்த் தின்றிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்து படித்தார்.
"கதையாய்யா எழுதறே?"
சிவப்புப் பேனாவால் 'மணி கேட்டதன்' மேல் கோடு போட்டு
'தூண்டுதலின்' என்று எழுதினார்.
மேல் தாளில்.

கார்பனை நான் அதற்கு முன்பே உருவியிருந்தேன்.
மூன்றாவது தாள் மங்கல்தான்,
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

கம்பெனியில் இப்போது புதுக் கடிகாரமாம்.
பத்து நிமிடம் பின்னால் ஓடுகிறதென்று
போன வாரம் இன்னொரு புகார்.